பேலட்ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் ஜஸ்டிஸ் பேரைப் பார்த்து முழிக்கிறீங்களா? அமெரிக்காவுல புதுசா ஓட்டுப் போடுறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 நவம்பர்லதான் எனக்கு இங்க மொத ஓட்டு. சிட்டிசன்ஷிப் வாங்கி ரிஜிஸ்டர் பண்ணின கையோட பேலட் தபால்ல வந்துடுச்சு, கலிஃபோர்னியாவுல கேக்காமலே எல்லா வோட்டருக்கும் வீட்டுக்கே அனுப்பிடுறாங்க. சாப்பாட்டு டேபிள்ல விரிச்சு வச்சுக்கிட்டு கவர்னர், செனட்டர்னு ஜோரா வட்டத்தைக் கருப்பாக்கிக்கிட்டே வந்தவன் நடுவுல ஒரு இடத்துல அப்படியே நின்னுட்டேன். அசோசியேட் ஜஸ்டிஸ் குட்வின் லியுவை சட்டப்படியான பதவிக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கலாமா, எஸ் ஆர் நோ. எதிர்த்து யாரும் நிக்கல, பக்கத்துல கட்சிப் பேரும் இல்ல. அதே மாதிரி வரிசையா நாலு பேரு.

வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு "யாருங்க இவரு?"ன்னாங்க. தெரியலன்னேன். "தெரியாதவருக்கு எப்படி எஸ் போடுவீங்க?" அப்போ நோ போடவான்னு கேட்டேன். "தெரியாதவருக்கு நோ மட்டும் எப்படிப் போடுவீங்க?"

பதில் சொல்ல முடியல. பேனாவை மூடி வச்சேன். மறுநாள் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்ட் வருது, நாலு பேருக்கும் நோ குத்துங்க, கரண்ட் பில்லு ஏறினதுக்கு இவங்கதான் காரணம்னு. கரண்ட் ரேட்டை முடிவு பண்றது பப்ளிக் யுடிலிடீஸ் கமிஷன், இந்த நாலு பேரும் மீட்டர் பாக்கத் தெருத்தெருவா போனாங்களா என்ன. அந்தக் கடுப்புலதான் ரெண்டு வீக்எண்ட் உக்காந்து படிச்சேன். அப்போ கத்துக்கிட்டதும் அதுக்கப்புறம் சேர்ந்ததும்தான் இது. நான் வக்கீல் இல்ல, ஓட்டுப் போடுற ஒரு சாதாரண ஆளு, அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல, எந்த கோர்ட்டுன்னு தெளிவா தெரிஞ்சுக்குங்க

நம்ம ஊர்ல ஒரே ஒரு சுப்ரீம் கோர்ட்டு, அது டெல்லில இருக்கு, அதுக்குக் கீழ ஹைகோர்ட்டுங்க. அந்தப் படத்தை இங்க கொண்டு வந்தீங்கன்னா குழம்பிடுவீங்க. வாஷிங்டன்ல 9 பேரு ஆயுசு முழுக்க உக்காந்திருக்கிற கோர்ட்டு தனி, அவங்களுக்கு நீங்க ஓட்டே போட முடியாது. அதைத் தவிர ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் தனக்குன்னு ஒரு உச்ச கோர்ட்டு இருக்கு, அதுதான் பேலட்ல வர்றது. இதை ஹைகோர்ட்டு மாதிரின்னு நினைச்சுடாதீங்க. வாடகைத் தகராறு, டைவர்ஸ், உயில், ரோடு ஆக்சிடென்ட், சம்பள பாக்கி, பெரும்பாலான கொலை கொள்ளைக் கேஸ் எல்லாமே ஸ்டேட் சட்டத்துலதான் ஓடுது, அந்த சட்டத்துக்கு என்ன அர்த்தம்னு ஸ்டேட் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டா அதுதான் கடைசி வார்த்தை. நடுவுல ஃபெடரல் சட்டமோ (நம்ம ஊர்ல மத்திய அரசு சட்டம் மாதிரி) அமெரிக்க அரசியல் சாசனமோ வந்தா மட்டும்தான் வாஷிங்டன் கையை வைக்க முடியும்.

பேரைப் பார்த்தும் ஏமாந்துடாதீங்க. நியூயார்க்ல சுப்ரீம் கோர்ட்னு போர்டு போட்டிருக்கிறது கீழ் கோர்ட்டு, விசாரணை நடக்கிற இடம், அங்க உச்ச கோர்ட்டுக்குப் பேரு கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். டெக்ஸஸ்ல உச்ச கோர்ட்டே ரெண்டு, சிவிலுக்கு ஒண்ணு கிரிமினலுக்கு ஒண்ணு. மேரிலாண்டுலயும் நியூயார்க் மாதிரியே கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்னுதான் இருந்துச்சு, குழப்பம் தாங்காம 2022 கடைசில சுப்ரீம் கோர்ட்னு மாத்திட்டாங்க.

உங்க ஸ்டேட்ல அந்த சீட்டுக்கு எப்படி வர்றாங்க

இது ஊருக்கு ஊரு வேற. எடிசன் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தத் தலைவலியே இல்ல, நியூ ஜெர்சில கவர்னர் பேரு சொல்லி செனட் ஓகே பண்ணுது, மொதல்ல 7 வருஷம், திரும்பவும் நியமிச்சாங்கன்னா 70 வயசு வரைக்கும். விர்ஜினியால சட்டசபையே தேர்ந்தெடுக்குது. ரோட் ஐலண்ட்ல ஆயுசு முழுக்க.

டெக்ஸஸ்ல இருக்கீங்கன்னா கதையே வேற. அங்க 9 பேரு, 6 வருஷம், கட்சிப் பேரு போட்டே நிக்கிறாங்க. முன்னாடியெல்லாம் ஒரே பட்டன்ல மொத்தக் கட்சிக்கும் ஓட்டுப் போட்டுட்டு வந்துடலாம், 2020லேர்ந்து அது கிடையாது, அதனால ஹூஸ்டன் மாதிரி இடத்துல ஜட்ஜ் பேருங்க மட்டும் முடிவில்லாம உருண்டுக்கிட்டே போகும், பொறுமையா உக்காந்து பார்க்கணும். நார்த் கரோலினாலயும் கட்சிப் பேரோடதான், 8 வருஷம். அங்க கேரிங்கிற ஊர்ல இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது "என் ஒரு ஓட்டுல என்ன ஆகப் போகுது"ன்னு சொன்னா 2024 கணக்கைக் காட்டுங்க. 55 லட்சத்துக்கு மேல விழுந்த ஓட்டுல அந்த ஸ்டேட் சுப்ரீம் கோர்ட்டு சீட்டுக்கு மோதின ஆலிஸன் ரிக்ஸுக்கும் ஜெஃபர்ஸன் கிரிஃபினுக்கும் நடுவுல வித்தியாசம் 734. எழுநூத்து முப்பத்தி நாலு! நம்ம ஊர்ல ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக் கூட்டம். அந்தச் சண்டை கோர்ட்டு கோர்ட்டா ஏறி இறங்கி 2025 மே மாசம்தான் முடிஞ்சுது, கிரிஃபின் தோல்வியை ஒத்துக்கிட்டாரு.

விஸ்கான்சின்ல 10 வருஷப் பதவி. பேலட்ல கட்சி இருக்காது, ஆனா ஊருக்கே தெரியும் யாரு எந்தப் பக்கம்னு. 2025 ஏப்ரல்ல சூசன் க்ராஃபோர்டும் ப்ராட் ஷிமலும் மோதினப்போ ரெண்டு பக்கமும் சேர்ந்து கிட்டத்தட்ட 10 கோடி டாலர் கொட்டினாங்க, ஈலான் மஸ்க் பணம் உட்பட. ஒரே ஒரு ஜட்ஜ் நாற்காலிக்கு.

கலிஃபோர்னியா முறை

என் ஸ்டேட்டுங்கிறதால இதை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

மொத்தம் 7 பேரு, ஒரு சீஃப் ஜஸ்டிஸ், ஆறு அசோசியேட். ஒரு சீட்டு காலியாச்சுன்னா கவர்னர் ஒரு பேரை எடுக்கிறாரு. அந்த ஆளு 10 வருஷம் கலிஃபோர்னியா பார்ல, அதாவது வக்கீலுங்க பதிவு பண்ணிக்கிற அமைப்புல, வக்கீலாவோ, இல்ல ஜட்ஜாவோ இருந்திருக்கணும், எழுதி வச்ச தகுதி அவ்வளவுதான். பேரு மொதல்ல ஸ்டேட் பார்ல இருக்கிற ஒரு கமிஷனுக்குப் போகுது, அவங்க அந்த ஆளோட வேலை பார்த்த வக்கீலுங்க, ஜட்ஜுங்ககிட்டலாம் ரகசியமா விசாரிச்சு ஒரு ரேட்டிங் குடுப்பாங்க, ரொம்பப் பிரமாதத்துலேர்ந்து தகுதியில்லைங்கிற வரைக்கும் நாலு படி. பொண்ணு பார்க்கப் போறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்ல விசாரிக்கிற மாதிரின்னு வச்சுக்குங்க. அப்புறம் சீஃப் ஜஸ்டிஸ், அட்டர்னி ஜெனரல், அப்பீல் கோர்ட்டோட சீனியர் ப்ரிசைடிங் ஜஸ்டிஸ் மூணு பேரும் பொதுவுல ஹியரிங் வச்சு உறுதி பண்றாங்க.

அதுக்கப்புறம்தான் நம்ம வேலை. கவர்னர் தேர்தல் வர்ற வருஷம் அவங்க பேரு பேலட்ல வரும், எஸ் அதிகமா விழுந்தா இருக்கலாம், நோ அதிகமா விழுந்தா கிளம்பணும். முழுப் பதவிக் காலம் 12 வருஷம், ஆனா நடுவுல வந்தவங்க முன்னாடி இருந்தவரோட மிச்சக் காலத்தைத்தான் முடிக்கிறாங்க, அதனால சில பேரு சீக்கிரமே திரும்ப வருவாங்க. "போன தடவையே இவருக்குப் போட்டேனே"ன்னு குழம்ப வேண்டாம்.

பயோடேட்டாவை எப்படிப் படிக்கிறது

ஸ்டேட்ல தேர்தல் வேலையைப் பாத்துக்கிற செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அனுப்புற தடியான வோட்டர் கைடு வரும்ல, நம்மில் பாதிப் பேரு ரீசைக்கிள் டப்பால போடுறது, அதுல ஜஸ்டிஸுங்களுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு. படிப்பு, பார்த்த வேலை, ஜட்ஜ் அனுபவம்னு சுருக்கமா போட்டிருப்பாங்க. ஹிந்தில கூட அந்த கைடு கிடைக்குது. அந்தப் பக்கத்தை வெறும் டிகிரி லிஸ்ட்டா படிக்காதீங்க. இந்த ஆளு எந்தக் கதவு வழியா உள்ள வந்தாருன்னு கேளுங்க. 2022ல வந்த நாலு பேரு நாலு கதவு, அதனாலதான் எனக்கு இது பிடிபட்டுச்சு.

பட்ரீஷியா கெரேரோ, சீஃப் ஜஸ்டிஸுக்கு நின்னவங்க. மெக்சிகோலேர்ந்து வந்த பெத்தவங்களுக்குப் பொறந்து எல்லை ஓரத்துல இம்பீரியல் வேலில வளர்ந்தவங்க. பெர்க்லி, ஸ்டான்ஃபர்ட் லா ஸ்கூல், பெரிய லா ஃபர்ம், ஃபெடரல் ப்ராசிக்யூட்டர். 2013ல சான் டியேகோல விசாரணை ஜட்ஜ், 2017ல அப்பீல் கோர்ட்டு, 2022ல சுப்ரீம் கோர்ட்டு, 2023 ஜனவரில சீஃப். படி ஒண்ணு விடாம ஏறினவங்க. இந்த மாதிரி ஆளுங்களுக்குக் கீழ் கோர்ட்டுல என்ன நடக்குதுன்னு கைப்பட தெரியும், சாட்சி கூண்டுல நிக்கிறவன் முகத்தைப் பார்த்தவங்க.

குட்வின் லியு, தைவான்லேர்ந்து வந்த டாக்டர் தம்பதியோட பையன். பெர்க்லில சட்ட ப்ரொஃபசர். 2010ல ஒபாமா அவரை ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுக்கு சொன்னாரு, 2011 மே மாசம் செனட்ல 60 ஓட்டு கிடைக்காம 52க்கு 43ன்னு மாட்டிக்கிச்சு, அவரே பேரை வாபஸ் வாங்கிட்டாரு. சில மாசத்துலயே கவர்னர் ஜெர்ரி பிரவுன் கூப்பிட்டு ஸ்டேட் சுப்ரீம் கோர்ட்டுல உக்கார வச்சாரு. ஒரு நாள் கூட அதுக்கு முன்னாடி ஜட்ஜா இருந்ததில்ல. அங்க மூடின கதவு இங்க திறந்துச்சு.

மார்ட்டின் ஜென்கின்ஸ், இளமையில சியாட்டில் சீஹாக்ஸ் ஃபுட்பால் டீம்ல இருந்தவரு, அப்புறம் வக்கீல், கீழ் கோர்ட்டு ஜட்ஜ், ஃபெடரல் ஜட்ஜ், அப்பீல் கோர்ட்டு, அதையெல்லாம் முடிச்சு கவர்னர் நியூசமுக்கு யாரை ஜட்ஜா போடலாம்னு சொல்ற வேலை பார்த்தாரு, 2020ல அவரையே போட்டாங்க. ஜாஷுவா க்ரோபனும் அப்படித்தான், ஜெர்ரி பிரவுனுக்கு நூத்துக்கணக்குல ஜட்ஜுங்களைத் தேடிக் குடுத்தவரு, ஆனா ஜென்கின்ஸ் மாதிரி இல்லாம முன்னாடி ஜட்ஜாவே இருந்ததில்ல. பந்தி பரிமாறினவரே கடைசில இலை போட்டு உக்காந்த கதை. எனக்கு இதுல ஒரு சின்ன நெருடல் உண்டு, கவர்னருக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தவரு நாளைக்குக் கவர்னருக்கு எதிரா ஒரு கேஸ் வந்தா என்ன பண்ணுவாருன்னு. அதுக்காக உடனே நோ போட்டுட முடியாது, ஆனா அந்த மாதிரி கேஸ்ல அவரு எந்தப் பக்கம் நின்னாருன்னு தேடிப் பார்க்கலாம்ல. அதைத்தான் சொல்ல வர்றேன், பயோடேட்டா பதில் தராது, என்ன கேள்வி கேக்கணும்னு சொல்லித் தரும்.

ஜட்ஜ் அனுபவம் இல்லாதவங்களை எடுக்கலாமான்னு கேட்டீங்கன்னா, அதுக்கு ரெண்டு பக்கமும் உதாரணம் இருக்கு. ரோஜர் ட்ரேனர் 1940ல நேரா பெர்க்லி க்ளாஸ்ரூம்லேர்ந்து வந்தவரு, 30 வருஷம் இருந்தாரு, அமெரிக்கா முழுக்க இன்னிக்கும் லா ஸ்கூல்ல அவரு தீர்ப்பைப் படிக்காம யாரும் வெளிய வர முடியாது. ரோஸ் பேர்டும் ஜட்ஜ் அனுபவம் இல்லாமதான் 1977ல நேரா சீஃப் ஜஸ்டிஸா வந்தாங்க, அந்தக் கதை வேற மாதிரி முடிஞ்சுது, பின்னாடி சொல்றேன்.

வீட்ல பசங்க "நான் ஜட்ஜ் ஆகணும்"னு சொன்னா, அவங்களுக்கும் இதே பாடம்தான். எந்த டிகிரி வேணா முடிச்சுட்டு 3 வருஷம் லா ஸ்கூல், பார் எக்ஸாம், அது வரைக்கும்தான் ரூட்டு தெளிவா இருக்கும். அதுக்கு மேல ஏணி கிடையாது. நம்ம ஊர் மாதிரி கீழ் கோர்ட்டு ஜட்ஜுக்குப் பரீட்சை எழுதி சர்வீஸ்ல சேர்ந்து சீனியாரிட்டில ஏறுறதெல்லாம் இங்க இல்ல. நல்லா வேலை பார்த்து, பேரு வாங்கி, சரியான நேரத்துல சரியான கவர்னர் இருக்கணும். சம்பளம் கலிஃபோர்னியால வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் டாலருக்கு மேல வரும், சத்தமா கேக்குது, ஆனா பெரிய லா ஃபர்ம் பார்ட்னருக்கு அது ஒண்ணுமே இல்ல.

உள்ள என்னதான் வேலை பாக்கறாங்க

சினிமால வர்ற மாதிரி சுத்தியலைத் தட்டி ஆர்டர் ஆர்டர் எல்லாம் இங்க எதிர்பார்க்காதீங்க. சாட்சி கிடையாது, ஜூரி கிடையாது. கீழ் கோர்ட்டுல முடிஞ்ச கேஸ்ல சட்டத்தை சரியா புரிஞ்சுக்கிட்டாங்களான்னு மட்டும்தான் பாக்கறாங்க. எங்க கேஸை எடுங்கன்னு ஆயிரக்கணக்குல மனு வரும், புதன்கிழமை கான்ஃபரன்ஸ்ல ஏழு பேரும் உக்காந்து பிரிப்பாங்க, 4 ஓட்டு விழுந்தாதான் கேஸை எடுப்பாங்க, பெரும்பாலானது அங்கேயே முடிஞ்சுடும். மரண தண்டனைக் கேஸ் மட்டும் நேரா தானா வந்துடும், தள்ள முடியாது.

எடுத்த கேஸ் ஒருத்தர்கிட்ட போகும். அவரு தன்னோட வக்கீல் ஸ்டாஃபை வச்சுக்கிட்டு ஒரு நீளமான மெமோ எழுதி மத்த ஆறு பேருக்கும் சுத்துக்கு விடுவாரு, அது கிட்டத்தட்ட தீர்ப்போட வரைவுதான். மத்தவங்க ஒத்துக்கிறேன், இல்ல சந்தேகம் இருக்குன்னு எழுதிக் குடுப்பாங்க. இதெல்லாம் வக்கீலுங்க வந்து வாதாடுறதுக்கு முன்னாடியே! மொதல்ல இதைக் கேட்டப்போ எனக்கு ஷாக், அப்போ வாதம் எதுக்குன்னு. காரணம் 90 நாள் ரூல். வாதம் முடிஞ்சு கேஸை முடிவுக்குன்னு எடுத்துக்கிட்ட 90 நாளுக்குள்ள தீர்ப்பு வரணும், வரலன்னா அந்த ஜட்ஜுக்கு சம்பளம் கிடையாதுன்னு ஸ்டேட் அரசியல் சாசனத்துலயே எழுதி வச்சிருக்காங்க. அதனால சமையலை முடிச்சு அடுப்புல சூடா வச்சுட்டுதான் விருந்தாளியைக் கூப்பிடுறாங்க. நம்ம ஊர் கோர்ட்டுல வாய்தா வாய்தான்னு அலைஞ்ச குடும்பத்துலேர்ந்து வந்தவனுக்கு அந்த ரூலைப் படிச்சப்போ கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

ஒரு தீர்ப்பாவது படிங்க

இதைத்தான் நிறைய பேரு தாண்டிடுவாங்க, ஆனா எனக்கு இதுலதான் ஆளு யாருன்னு தெரிஞ்சுது. கோர்ட்டு வெப்சைட்ல தீர்ப்பு எல்லாம் ஃப்ரீ, வழக்கமா திங்கள், வியாழன் காலைல 10 மணிக்கு வெளியாகும். 60 பக்கம் 80 பக்கம்னு பயப்படாதீங்க, முழுசா படிக்கச் சொல்லல. மேல் அட்டையை மொதல்ல பாருங்க, யாரு எழுதினது, யாரெல்லாம் சேர்ந்தாங்க, யாரு பிரிஞ்சாங்கன்னு அங்கேயே போட்டிருக்கும். அப்புறம் மொத ரெண்டு பக்கம், கேள்வி என்னங்கிறது அதுல இருக்கும். அப்புறம் கடைசிப் பக்கம்.

2024 ஜூலை 25 வந்த கஸ்டெயானோஸ் தீர்ப்பை எடுத்துக்குங்க, உபர் லிஃப்ட் ஓட்டுறவங்க கேஸ். 2018ல இதே கோர்ட்டு டைனமெக்ஸ்னு ஒரு கேஸ்ல, ஒருத்தரை எம்ப்ளாயி இல்ல கான்ட்ராக்டர்னு சொல்லணும்னா கம்பெனிதான் நிரூபிக்கணும்னு கிடுக்கிப்பிடி போட்டுச்சு. கம்பெனிங்க 20 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி 2020ல ப்ராப்பசிஷன் 22ன்னு மக்கள் ஓட்டுல ஜெயிச்சு அதுலேர்ந்து தப்பிச்சாங்க. அந்த ப்ராப்பசிஷன் செல்லுமான்னுதான் கேஸ். ஏழு பேரும் ஒரே குரல்ல செல்லும்னாங்க. எழுதினது யாரு? குட்வின் லியு, 2011ல செனட்ல ரொம்ப லிபரல்னு சொல்லித் தடுக்கப்பட்ட அதே ஆளு.

படிச்சுப் பார்த்தா காரணம் புரியும். உபர் பண்றது நியாயமான்னு அவரு பேசவே இல்ல. தொழிலாளர் காம்பன்சேஷன் விஷயத்துல சட்டசபைக்கு இருக்கிற அதிகாரம், மக்கள் நேரா ஓட்டுப் போட்டு சட்டம் போடுற அதிகாரத்தைத் தடுக்குமா, இந்த ஒரு கேள்வி, அதுக்கு பதில் தடுக்காதுன்னு. அவ்வளவுதான். எனக்கு அந்தத் தீர்ப்போட ரிசல்ட் பிடிக்கல, சொல்லப்போனா எரிச்சலா இருந்துச்சு, என் ஃப்ரெண்டு ஒருத்தர் லேஆஃப் ஆனப்புறம் எட்டு மாசம் உபர் ஓட்டினவரு. ஆனா எழுதினவரு மேல மரியாதை கூடிடுச்சு. தனக்குப் பிடிச்ச பக்கத்துக்காகக் கேள்வியை வளைக்காத ஜட்ஜ் கிடைக்கிறது கஷ்டம்.

அடுத்து, அந்த ஆளு தோத்த கேஸ் ஒண்ணு. அதாவது பெரும்பான்மைல சேராம மாறுபட்டுத் தனியா எழுதினது, இங்க டிஸென்ட்னு சொல்றாங்க. ஜெயிச்ச தீர்ப்புல மத்த மூணு பேரோட திருத்தமும் கலந்திருக்கும், டிஸென்ட்ல யாருக்காகவும் சமரசம் பண்ணத் தேவையில்ல, ஆளோட நிஜக் குரல் அங்கதான் கேக்கும். கோபத்துல கத்துறாரா, இல்ல எதிர்ப்பக்கத்து வாதத்தை நேர்மையா எடுத்து வச்சுட்டு அப்புறம் மறுக்கிறாரான்னு பாருங்க. வருஷக்கணக்குல டிஸென்ட்டே எழுதாத ஆளுன்னாலும் எனக்கு லேசா சந்தேகம்தான்.

பழசுல ஒண்ணு படிக்கணும்னா ட்ரேனர் எழுதின பெரஸ் கேஸ். 1948. வேற வேற இனத்து ஆண் பெண் கல்யாணம் பண்ணிக்கக் கூடாதுன்னு கலிஃபோர்னியால சட்டம் இருந்த காலம், லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு ஜோடிக்கு லைசென்ஸ் தர மாட்டேன்னுட்டாங்க. 4க்கு 3ல அந்த சட்டத்தைத் தூக்கினாங்க. வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுக்க அதையே செய்ய 1967 ஆச்சு, 19 வருஷம் கழிச்சு. ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா, அந்த எஸ் நோ வட்டம் அவ்வளவு சின்னதா தெரியாது.

அதே ட்ரேனரோட 1963 தீர்ப்பு ஒண்ணு ரொம்ப சாதாரணக் கதைலேர்ந்து ஆரம்பிக்குது. ஒரு மனுஷனுக்கு அவரு பொண்டாட்டி கிறிஸ்மஸுக்கு மரவேலை மெஷின் வாங்கித் தர்றாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அதுல வேலை பாக்கும்போது மரக்கட்டை பறந்து வந்து நெத்தில அடிக்குது. கம்பெனி, நீ சரியான நேரத்துல நோட்டீஸ் குடுக்கலன்னு வாரண்டி சட்டத்தைக் காட்டுது. ட்ரேனர், குறையுள்ள பொருளைத் தயாரிச்சு விக்கிறவன் அதனால அடிபட்டவனுக்குப் பொறுப்பு, வாரண்டிப் பேச்செல்லாம் இதுக்குத் தேவையில்லைன்னுட்டாரு. மத்த ஸ்டேட்டுங்களும் வரிசையா அந்த வழிக்கு வந்தாங்க. உங்க வீட்டு ப்ரஷர் குக்கர் வெடிச்சா கம்பெனியைக் கேள்வி கேக்க முடியுதுன்னா அதுக்கு அந்த நெத்திக் காயத்துக்கும் பங்கு உண்டு.

அரை மணி நேரம் வாதம் பாருங்க

வாதம் நடக்கிறதை லைவா போடறாங்க, பழசும் ரெக்கார்டிங்ல இருக்கு. ஒவ்வொரு தரப்புக்கும் அரை மணி நேரம்தான். வக்கீல் பேசறதை விட ஜஸ்டிஸுங்க குறுக்கிடறதுதான் அதிகம். நான் துணி மடிச்சுக்கிட்டே பாப்பேன். கேள்விதான் முக்கியம், மெமோ ஏற்கெனவே எழுதியாச்சுங்கிறதால கேள்வி எங்க போகுதோ அங்கதான் யாருக்கோ இன்னும் சந்தேகம் இருக்குன்னு அர்த்தம். வக்கீலை மட்டம் தட்டறாங்களா, பதிலைக் கேக்கறாங்களா, அதுவும் தெரிஞ்சுடும்.

பணமும் புகாரும்

கலிஃபோர்னியால எதிர்ல ஆள் இல்லாததால தேர்தல் பணம் பெரும்பாலும் பெரிய விஷயமா இருக்காது. ஆனா ஃபார்ம் 700னு ஒண்ணு இருக்கு, எங்க ஷேர் வச்சிருக்காங்க, யாரு கிஃப்ட் குடுத்தாங்கன்னு ஜட்ஜுங்க வருஷா வருஷம் தாக்கல் பண்றது, அது பொதுவுல கிடைக்கும். ஒழுங்கு நடவடிக்கைக்கு கமிஷன் ஆன் ஜூடிஷியல் பெர்ஃபார்மன்ஸ்னு தனி அமைப்பு, பகிரங்கமா கண்டிச்சிருந்தா அவங்க சைட்ல பேரு இருக்கும். கீழ் கோர்ட்டு ஜட்ஜுக்கு ஓட்டுப் போடும்போது இது ரொம்பவே உதவும்.

போட்டித் தேர்தல் நடக்கிற ஸ்டேட்டுன்னா பணத்தைத்தான் மொதல்ல பாக்கணும். வெஸ்ட் விர்ஜினியால 2004ல ஒரு நிலக்கரி கம்பெனித் தலைவர், அவரு கம்பெனி மேல 5 கோடி டாலர் தீர்ப்பு அப்பீலுக்குப் போக இருக்கிற நேரத்துல, ஒரு ஜஸ்டிஸ் வேட்பாளருக்காக 30 லட்சம் டாலர் செலவழிச்சாரு. அந்த வேட்பாளர் ஜெயிச்சு, அந்தக் கேஸ்லயும் விலகாம உக்காந்து, கம்பெனி பக்கம் ஓட்டும் போட்டாரு. 2009ல வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டு 5க்கு 4ல, நீங்க விலகியிருக்கணும்னு சொல்லிடுச்சு.

எஸ்ஸா நோவா

இப்போ ரோஸ் பேர்ட். அவங்க முன்னாடி வந்த ஒரு மரண தண்டனையைக் கூட அவங்க உறுதி பண்ணல. 1986ல பெரிய பிரச்சாரம் நடந்துச்சு, கவர்னர் டியூக்மேஜியனே எதிர்த்துப் பேசினாரு, பிசினஸ்காரங்க பணமும் பின்னாடி இருந்துச்சு. மூணுல ரெண்டு பங்கு பேரு நோ போட்டாங்க. கூடவே க்ரூஸ் ரெய்னோஸோ, ஜோசஃப் க்ரோடின் ரெண்டு பேரும் போனாங்க. 1934ல இந்த முறை வந்ததுலேர்ந்து இந்த கோர்ட்டுல தோத்தது அந்த மூணு பேருதான். மூணு சீட்டையும் அதே கவர்னர்தான் நிரப்பினாரு. ஐயோவாலயும் 2010ல அப்படி ஆச்சு, முந்தின வருஷம் ஒரே பாலினத் திருமணத்தை ஏழு பேரும் ஒருமனதா அனுமதிச்சாங்க, அந்த வருஷம் பேலட்ல வந்த மூணு பேரும் வீட்டுக்குப் போனாங்க.

என் கணக்கு இதுதான், நீங்க ஒத்துக்கணும்னு இல்ல. ஒரே ஒரு தீர்ப்பு எனக்குப் பிடிக்கலங்கிறதுக்காக நோ போட மாட்டேன், அப்படிப் போட ஆரம்பிச்சா ஜட்ஜ் சட்டப் புத்தகத்தைப் பாக்காம என் மூஞ்சியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவாரு. ஆனா ஒருத்தர் ஒரே வகையான கேஸ்ல எப்பவும் ஒரே பதில்தான் சொல்றாருன்னா, கேஸ் வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாரான்னு கேக்க வோட்டருக்கு உரிமை இருக்கு. ரோஸ் பேர்ட் விஷயத்துல நான் அன்னிக்கு இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு இன்னும் எனக்குள்ள சண்டைதான். க்ரோடினுக்கு நிச்சயமா எஸ் போட்டிருப்பேன், அவரு மரண தண்டனையை உறுதி பண்ணின கேஸும் உண்டு, கூட்டத்தோட கூட்டமா அடிச்சுட்டுப் போயிட்டாங்க.

2022ல என் நாலு வட்டத்துல மூணு எஸ், ஒண்ணு காலியா விட்டேன். யாருதுன்னு சொல்ல மாட்டேன். நாலு பேருமே ஜெயிச்சாங்க.

அதே பேலட்ல அப்பீல் கோர்ட்டு ஜஸ்டிஸுங்க பேரும் கீழ வரும், சான் ஹோசே பக்கம்னா ஆறாவது டிஸ்ட்ரிக்ட், ஓக்லாண்ட், ஃப்ரிமாண்ட் பக்கம்னா ஒண்ணாவது. அவங்களுக்கும் இதே வழிதான், ஆனா எல்லாருக்கும் இவ்வளவு நேரம் செலவழிக்க முடியாது, நான் பயோடேட்டாவும் கமிஷன் சைட்டும் மட்டும் பார்ப்பேன்.

கடைசியா ஒண்ணு, இது ஜட்ஜ் சம்பந்தப்பட்டது இல்ல, ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேரு இதுலதான் மாட்டறாங்க. பேலட்டைத் திருப்பி அனுப்புற கவர் மேல போடற கையெழுத்து, ரெக்கார்டுல இருக்கிற கையெழுத்தோட ஒத்துப் போகணும், அது பெரும்பாலும் டிரைவிங் லைசென்ஸ் குடுக்கிற டிஎம்வி ஆபீஸ்ல போட்டதா இருக்கும். பேங்க்ல தமிழ்ல போடற பழக்கத்துல எங்க மாமனாரு கவர்லயும் தமிழ்ல அழகா "சு. வேலாயுதம்"னு போட்டு அனுப்பிட்டாரு, லைசென்ஸ்ல இங்கிலீஷ். கவுண்டிலேர்ந்து லெட்டர் வந்துச்சு, கையெழுத்து பொருந்தல, சரி பண்ணி அனுப்புங்கன்னு. அந்த லெட்டர் வந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, குடுத்த தேதிக்குள்ள திருப்பி அனுப்பினா ஓட்டு எண்ணுவாங்க. மாமனாரு ஓட்டு எண்ணப்பட்டுச்சுன்னு போனுக்கு மெசேஜ் வந்தப்போ டிசம்பர் ஆகப் போகுது, அதைக் குடும்ப குரூப்ல மூணு தடவை ஃபார்வர்ட் பண்ணினாரு.